வீட்டை விற்கத் தவிப்பவர்களைத் தேடி வரும் புரோக்கர்கள்: திருப்பூரில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது

வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் வீட்டை விற்கும் நிலையில் இருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படித்த பிறகு அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் அக்கா வீட்டை ஒரு புரோக்கர் விற்றுக் கொடுத்தார். அதில் அக்காவுக்கு வந்திருக்க வேண்டிய 12 லட்சம் ரூபாய் வேறு கைக்குப் போனது. இப்போது அதே ஆள் பக்கத்து ஏரியாவில் இன்னொரு வீட்டைக் கையில் எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

மாமா திருப்பூரில் பவர் டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்து வந்தார். ஆர்டர் குறைந்தது. பனியன் கம்பெனிக்காரர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கியும் வரவில்லை. வீட்டுக் கடன் தவணை நின்றது. தவணை 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் போட்டுவிடும். அப்புறம், கடனுக்கு ஈடான சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, 60 நாளுக்குள் மொத்தப் பாக்கியையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அதற்கும் கட்டவில்லை என்றால் வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பை வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். அதே அறிவிப்பை, தமிழ்ப் பத்திரிகை ஒன்று உட்பட இரண்டு பத்திரிகைகளில் பெயர், முகவரி, பாக்கித் தொகையோடு போடுவார்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

அந்த விளம்பரத்தை ஊரில் யார் படிக்கிறார்களோ இல்லையோ, சில புரோக்கர்கள் தவறாமல் படிக்கிறார்கள். பேப்பரில் வந்த மறுநாளே மாமாவுக்கு போன். “அண்ணா, பேப்பர்ல பாத்தேன், மனசு கேக்கல. ஏலத்துக்குப் போனா பாதி விலை கூட வராதுங்க. நம்மகிட்ட ரெடி கேஷ் பார்ட்டி இருக்குதுங்க.” நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்த மனிதருக்கு அந்தக் குரல் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆள் பார்க்க மரியாதையானவர்தான். விசிட்டிங் கார்டில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. அந்தப் பதிவு, 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் பதிவான புதிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்பதற்கானது. நாம் குடியிருக்கும் பழைய வீட்டை விற்றுக் கொடுக்கும்போது அந்த எண்ணால் நமக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

அவர் எங்களுக்குச் சொன்ன முதல் யோசனை, “பேங்க் பக்கம் போகாதீங்க, விக்கப் போறோம்னு தெரிஞ்சா ஏலத்தைச் சீக்கிரம் வெச்சிருவாங்க.” இது பச்சைப் பொய். 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. முதலில் போக வேண்டிய இடமே வங்கிதான். பாக்கி முழுவதும் வருகிறது என்றால் வங்கிக்கும் அதுதான் வேண்டும். ஏலம் போடுவது அவர்களுக்கும் தலைவலி. அங்கே போயிருந்தால், விற்பனைக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று எங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். தெரியக் கூடாது என்பதுதான் அவருடைய கணக்கு.

வங்கிப் பாக்கி வட்டியோடு 33 லட்சம். அதே வீதியில் அதே அளவு வீடு 60 லட்சத்துக்குப் போயிருந்தது. அவசரம் என்பதால் 56-க்கு ஒத்துக்கொண்டோம். ‘பார்ட்டி’ என்று ஒருவரை அழைத்து வந்தார். அட்வான்ஸ் இரண்டு லட்சம், மூன்று மாதக் கெடு, அக்ரிமெண்ட் பதிவு. அட்வான்ஸ் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று அக்கா கேட்டதற்கு, “பதிவே பண்றோம், அதுக்கு மேல என்னங்கக்கா பாதுகாப்பு வேணும்?” என்றார்.

அந்தப் பதிவுதான் எங்களைக் கட்டிப்போட்டது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானதும் அது வில்லங்கச் சான்றில் (ஈசி) ஏறிவிடும். அதன் பிறகு வேறு யார் வாங்க வந்தாலும், ஈசி போட்டுப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார்கள். அதை நீக்க வேண்டுமென்றால் இரண்டு தரப்பும் சேர்ந்து ரத்துப் பத்திரம் பதிய வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஏலம் நெருங்கும் குடும்பத்துக்குக் கோர்ட்டுக்குப் போக நேரம் ஏது? எதிர்த்தரப்புக்கோ, விலகினால் நஷ்டம் வெறும் இரண்டு லட்சம். குறைந்த அட்வான்ஸின் உள்குத்து இதுதான்.

அக்ரிமெண்டில் இன்னொரு வரியும் இருந்தது. கிரயத்தைத் “தங்களுக்கோ அல்லது தாங்கள் காட்டும் நபருக்கோ” எழுதிக் கொடுக்க வேண்டும் என்று. பத்திரம் எழுதியவர் வழக்கமான வாசகம் என்று படித்துக்கொண்டே போய்விட்டார். உண்மையில் வழக்கமான வாசகம்தான், நிறைய ஒப்பந்தங்களில் இருக்கும். ஆனால் நம் புரோக்கரே ஒரு பினாமியைக் கொண்டு வந்து நிறுத்தும்போது, நம் வீட்டை நமக்குத் தெரியாத விலைக்கு இன்னொருவரிடம் விற்க அந்த ஒரு வரி போதும்.

கெடு ஓடியது. போன் செய்தால் “பார்ட்டி வெளியூர்ல இருக்காருங்க”, “லோன் சாங்ஷன் ஆகுதுங்க”. ரெடி கேஷ் என்று சொன்னவருக்கு எதற்கு லோன் என்று கேட்டால் பதிலில்லை. இடையில் மாமாவின் நண்பர் மூலம் 57 லட்சத்துக்கு ஒருவர் வந்தார். வீடு பிடித்துவிட்டது. ஈசி பார்த்தார், போய்விட்டார். ரத்து செய்து கொடுங்கள் என்று புரோக்கரிடம் கெஞ்சியதற்கு, “பார்ட்டி சம்மதிக்க மாட்டேங்கறாருங்க, நான் என்னங்க பண்றது?” என்றார்.

கடைசியில் நாங்களே வங்கிக்குப் போனோம். அடுத்த வாரம் ஏல அறிவிப்பு பேப்பரில் வரப்போகிறது என்றார் அதிகாரி. 2016-இல் சர்ஃபேசி சட்டத்தைத் திருத்திய பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. அன்று சாயங்காலமே புரோக்கரிடமிருந்து போன். “பார்ட்டி 47-தான் தருவாராம். நாளைக்குள்ள சொல்லுங்க.” எங்களுக்கு எத்தனை நாள் மீதி என்று எங்களை விட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தது ‘பார்ட்டி’ அல்ல. முன்பின் தெரியாத ஒரு குடும்பம். எங்கள் டோக்கன் வருவதற்காக வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு அம்மா, கையில் இருந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்: “போர் தண்ணி நல்லா இருக்குங்களாக்கா? 59 லட்சம் போட்டு வாங்கறோம். இதுக்கு மேல போர் போடக் காசில்லைங்க.” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் நல்லா இருக்கும்மா என்று அந்த அம்மாவிடம் சொன்னார். வேறு ஒன்றும் பேசவில்லை. வங்கிக்கான டிடி தயாராக இருந்தது, ஏல விளம்பரம் சில நாளில் வரவிருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள், கைரேகை வைத்தார்.

பத்திரத்தில் 47 என்றுதான் இருந்தது. மீதி 12 லட்சம் பத்திரத்துக்கு வெளியே கை மாறிவிட்டது. வங்கி போக அக்கா கைக்கு வந்தது 14 லட்சம். அதிலும் 2 சதவீதம் கமிஷன் என்று 94,000 ரூபாயைப் புரோக்கர் வாங்கிக்கொண்டார். 59 லட்சம் விஷயத்தைக் கேட்டபோது, “அது என் சாமர்த்தியம், உங்களுக்கு என்னங்க குறை?” என்றார். அந்தப் பதில்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கமிஷன் வாங்குகிறவர் நம் ஆள். நமக்காக விலை பேசத்தான் அந்தக் காசு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 215, 216 பிரிவுகளில் சொல்கிறது: ஒருவருக்கு முகவராக இருப்பவர், அவருக்குத் தெரியாமல் அந்த வியாபாரத்தில் தானே ஒரு தரப்பாக இறங்கினால், அதில் முகவருக்குக் கிடைத்த ஆதாயத்தைக் கேட்டு வாங்க, அவரை நியமித்தவருக்கு உரிமை உண்டு. இந்த அடிப்படையில்தான் எங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

எல்லாப் புரோக்கரும் இப்படி இல்லை. அவிநாசிப் பக்கம் ஒரு பெரியவரை இதற்குப் பிறகு சந்தித்தேன். கடனில் இருக்கும் வீடு என்றால் முதலில் விற்பவரோடு வங்கிக்குப் போய்ப் பாக்கிக் கணக்கையும் சம்மதக் கடிதத்தையும் வாங்குகிறார். வாங்குபவரையும் விற்பவரையும் நேரில் உட்கார வைத்து விலை பேச வைக்கிறார். ஒரு சதவீதம் கமிஷன். இவ்வளவுதான் கேட்கிறோம்.

உங்கள் வீட்டு விளம்பரம் பேப்பரில் வந்து யாராவது போன் செய்தால், கெடு எப்போது, பாக்கி எவ்வளவு, விலை எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்பதையெல்லாம் சொல்லாதீர்கள். “உங்க நெட் ரேட் என்னங்க?” என்று கேட்டால், அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் தனக்கு என்று அர்த்தம். அந்தப் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள். அட்வான்ஸ் கணிசமாக இல்லாமல் அக்ரிமெண்ட் பதியாதீர்கள். அந்த அட்வான்ஸ் வங்கிக் கடன் கணக்குக்கே நேராகப் போகட்டும். ரொக்கமாக வாங்கவே வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால், அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும், கொடுத்தவருக்கு அல்ல. “தாங்கள் காட்டும் நபருக்கு” என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். கெடு தாண்டினால் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதை எழுத வையுங்கள். பவர் பத்திரம் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வங்கி நடவடிக்கையிலேயே தவறு இருந்தால் கோவையில் கடன் வசூல் தீர்ப்பாயம் இருக்கிறது. 45 நாளுக்குள் போக வேண்டும்.

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் இதே மாதிரி, பேப்பர் விளம்பரம் பார்த்து வந்த ஆளிடம் குறைந்த அட்வான்ஸுக்கு அக்ரிமெண்ட் பதிந்து, கடைசி நேரத்தில் விலை குறைக்கப்பட்டவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வாட்ஸ்அப் பேச்சு, கமிஷன் கொடுத்த ரசீது, ஈசி நகல் எதையும் அழித்துவிடாதீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் ஓரிருவர் சேர்ந்தால் போலீஸ் புகாராகவும் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.