கண்ணாடிப் பெட்டிக்குள் எதை வைப்பது: அசலா, நகலா?

நூலகத்தில் இருக்கும் பழைய கடிதம், பதக்கம், ஒளிப்படங்களைக் காட்சிக்கு வைக்கலாம் என்றதுமே இந்தக் கேள்வி வந்துவிடும்.

அசலின் ஈர்ப்பு நகலுக்கு வராது. கடிதத்தின் மடிப்புத் தடம், பேனா அழுந்திய இடம் எல்லாம் நேரில் பார்க்க வேண்டியவை. ஆனால் ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். வெளுத்த மை திரும்பாது. அதனால் காகிதத்துக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், புற ஊதாக் கதிரை வடிகட்ட வேண்டும், சில மாதங்களில் பொருளை மாற்றிவிடவும் வேண்டும். செய்தித்தாள் துண்டு என்றால் கவலை இன்னும் அதிகம். மரக்கூழிலிருந்து அதில் தங்கும் லிக்னின் என்ற பொருள், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் பழுப்பேறும். அடியில் அமிலமற்ற அட்டை வைப்பது நல்லது. செல்லோடேப் மட்டும் கிட்டவே வரக்கூடாது, அதன் பசை கறையாகத் தங்கிவிடும்.

நகலில் இந்தத் தொல்லை இல்லை. பெரிதாக்கலாம், கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் காட்டலாம், ஆண்டு முழுக்க வைக்கலாம். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையும் அளவுகோலும் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்தால்தான் நிறமும் அளவும் சரியாக வரும். அப்புறம், ‘இது நகல்’ என்று குறிப்பட்டையில் எழுதியே ஆக வேண்டும். பார்வையாளரை ஏமாற்றக் கூடாது.

என்னைக் கேட்டால், காகிதத்துக்கும் ஒளிப்படத்துக்கும் நகல், நாணயத்துக்கும் பதக்கத்துக்கும் அசல். உலோகத்தை வெளிச்சம் கெடுப்பதில்லை. வெள்ளிக்கு அடியில் கம்பளித் துணி விரிக்காதீர்கள், அதிலுள்ள கந்தகத்தால் கறுத்துப்போகும். பதக்கத்தின் நாடாவும் துணிதான். அதற்கும் அதே 50 லக்ஸ் கணக்கு.