தீர்ப்பு தேடும் தளம்: தேடல் அருமை, சுருக்கம் சொதப்பல்

மாநகராட்சியோடு சொத்துத் தகராறு என்றால் பழைய தீர்ப்புகளைத் தேடித் தரும் ஒரு கட்டணத் தளத்தில் சந்தா கட்டினேன், பெயர் வேண்டாம். தேடல் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. 'கையகப்படுத்தல், மாநகராட்சி' என்று போட்டதும் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் சொன்ன தீர்ப்பு முதலிலேயே வந்தது. அந்த மாநகராட்சிச் சட்டத்தின் 352ஆவது பிரிவு நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைத் தரவில்லை, நஷ்டஈடு கொடுத்தால் மட்டும் போதாது, சொத்துரிமை பற்றிய அரசியலமைப்பின் 300ஏ பிரிவுக்குள் நோட்டீஸ், ஆட்சேபம் கேட்பது, காரணம் சொல்லும் முடிவு என ஏழு உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்று நீதிபதிகள் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கவும் எளிது, ஆச்சரியம்தான்.

ஆனால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் தளம் தரும் சுருக்கம் இருக்கிறதே, சொதப்பல். அதிகாரிகள் கட்டடங்களை இடிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று சொன்ன தீர்ப்புக்கு '15 நாள் நோட்டீஸ் கட்டாயம்' என்று ஒரே வரி. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியில்லாத கட்டடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் அது பொருந்தாது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்புவதோடு கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், அதுவும் சுருக்கத்தில் இல்லை. இதை நம்பி யாராவது மனு போட்டால் அவ்வளவுதான்.

அப்புறம் கைபேசியில் பக்கம் அடிக்கடி தொங்குகிறது. தேடலுக்காக வாங்கலாம், சுருக்கத்தைத் தொடவே வேண்டாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதும் என்றால் அந்த நீதிமன்றமே தன் தீர்ப்புகளை வெளியிடும் இ-எஸ்சிஆர் தளம் 2023 முதல் இலவசம்.