ஐந்து பலகையில் மூன்று கடப்பாக் கல்: பழைய ஸ்னூக்கர் மேசை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இன்றோடு பதினொரு நாள். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேசையை விற்று, ரொக்கத்தை எச்சில் தொட்டு எண்ணி வாங்கிய மனிதர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. கோபம் ஆறினால் என் முட்டாள்தனத்தை மூடி மறைத்துவிடுவேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். பழைய முழு அளவு மேசை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கொளத்தூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் அப்பாவின் அச்சகம் இருந்த கூடம் காலியாகக் கிடக்கிறது. 23 அடி நீளம், 17 அடி அகலம். பன்னிரண்டுக்கு ஆறு அடி மேசையைப் போட்டு நாலாபுறமும் கியூ கோலை இழுத்து அடிக்க 22க்கு 16 அடி போதும். இருபது வருடமாக மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவனுக்கு அந்தக் கூடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று அரிப்பு தலைக்கு ஏறிவிட்டது. எட்டுக் கடைசல் கால்கள், கருஞ்சிவப்பு மஹோகனி, லண்டன் தயாரிப்பாளர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

மேசை இருந்தது வடசென்னையில் ஒரு கிடங்கில். உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறைய விபூதி. போனவுடன் விலை பேசவில்லை. காபி வரவழைத்தார். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வருட ஆட்டம் என்று கேட்டார். நான் கருப்புப் பந்தை அடிக்கும் விதத்தைச் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாக, “தம்பி, இது ஊட்டியில் ஒரு துரை பங்களாவில் இருந்த மேசை. 1810இல் கப்பலில் வந்தது. போன வாரம் ஓட்டல்காரர் ஒருவர் கேட்டார், தரவில்லை. ஆடத் தெரிந்தவன் வீட்டுக்குத்தான் இது போக வேண்டும்” என்றார்.

அங்கேதான் விழுந்தேன். ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்து, 1882இல் ஊட்டி கிளப்பில் சட்டதிட்டம் எழுதப்பட்ட ஆட்டம். ஊட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் மற்ற எல்லாம் மங்கிவிட்டது. கோவை கலெக்டர் சல்லிவன் துரை நீலகிரி மலை ஏறியதே 1819இல். அவருக்கு முன்னால் 1810இல் எந்தத் துரை ஊட்டியில் பங்களா கட்டி மேசை போட்டிருப்பான்? அதுவும் துணிக்கு அடியில் ஸ்லேட் கல் பலகை போட்ட மேசை? லண்டனில் மேசை தயாரிப்பாளர் தர்ஸ்டன் ஸ்லேட் பலகையைக் கொண்டுவந்தது 1826 வாக்கில். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

துணியை எடுத்துக் கல்லைக் காட்டச் சொல்லிக் கேட்கத்தான் செய்தேன். “புதிதாகப் போட்ட இங்கிலாந்துத் துணி, கிழிந்தால் நீங்கள் பொறுப்பா தம்பி?” என்று சிரித்தவர், மூலைப் பாக்கெட் ஓரத்தில் மட்டும் ஒரு சாண் துணியை உரித்து டார்ச் அடித்துக் காட்டினார். நீலச் சாம்பல் நிறத்தில் மழமழவென்று அருமையான ஸ்லேட். ரூபாய் நாணயத்தால் தட்டினார், கணீரென்றது. எதிர் மூலையையும் காட்டினார். இரண்டும் அசல். நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு லட்சம் வங்கி வழியாக, மீதி இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரொக்கம். ரொக்கமாகத் தந்தால் வரி இல்லாமல் முடிக்கலாம் என்றார். (இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தவறு என்று எங்கள் ஆடிட்டர் பிறகு திட்டினார்.) அவருடைய ஆட்களே பிரித்து, சாக்கில் சுற்றி, இரவோடு இரவாக இறக்கிவிட்டுப் போனார்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனியாகப் பன்னிரண்டாயிரம்.

மூன்றாம் நாள் மேசையைப் பொருத்த, நகரத்து கிளப் ஒன்றில் மார்க்கராக, அதாவது புள்ளி குறித்து மேசையைப் பராமரிப்பவராக, இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் வந்தார். சாக்கை அவிழ்த்தார். முழு அளவு மேசைக்கு ஐந்து பலகைகள், ஒவ்வொன்றும் 170 கிலோவுக்குக் குறையாது. இரண்டு ஓரப் பலகைகளைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். நடுப் பலகைக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

“தம்பி, வீட்டில் கழிவறை ஆசிட் இருக்கிறதா?”

கொண்டுவந்து கொடுத்தேன். ஓரப் பலகையில் நாலு சொட்டு விட்டார், தண்ணீர் போலக் கிடந்தது. நடுப் பலகையில் நாலு சொட்டு. சுர்ரென்று நுரைத்தது. அடுத்ததிலும் நுரை. அதற்கடுத்ததிலும் நுரை. ஸ்லேட் களிமண் இறுகிய பாறை. கடப்பா சுண்ணாம்புப் பாறை, ஆசிட் பட்டால் பொங்கும். நம் வீட்டுச் சமையல் மேடையில் எலுமிச்சை பிழிந்த இடம் வெளுத்துப் போகிறதே, அதே கல்தான்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் பொய். பலகையோடு பலகை கோர்க்கப் பித்தளை முளை வேண்டும், நடுக் கற்களில் முளையும் இல்லை, துளையும் இல்லை. மேசை விளிம்பு ரப்பர் குஷனைப் பிடிக்கும் போல்ட் கல்லின் பக்கவாட்டில் ஈயம் வைத்துப் பதித்த மரைக்குள் இறங்க வேண்டும். இங்கே போல்ட்டின் தலையை மட்டும் அறுத்து மரத்தில் ஒட்டியிருந்தார்கள். தகட்டைப் பிடித்திருந்தவை நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள், அவை புழக்கத்துக்கு வந்ததே 1930களில். எல்லாவற்றையும் விட என் வயிற்றைக் கலக்கியது வேறொன்று. கற்களின் உயரம் சமமாக இல்லாததால் கீழே அட்டை மடித்துச் செருகியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. 2023 ஆவணியில் முகூர்த்தம். துரை பங்களா மேசையாம்.

அன்றே தொலைபேசியில் அழைத்தேன். “கல் கல்தானே தம்பி, பந்து உருளுகிறதா இல்லையா?” என்றார். மறுநாள், “லாரிக்காரன் வழியில் மாற்றியிருப்பான்” என்றார். 170 கிலோ கல் மூன்றை வழியில் மாற்றும் லாரிக்காரனை நான் பார்த்ததில்லை. லாரியும் ஆட்களும் அவருடையவர்கள்தானே என்றதும் இணைப்பு துண்டானது. அடுத்த முறை மகன் எடுத்தான்: “அப்பா திருப்பதி போயிருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறேன், அண்ணா.” அப்பா இன்னும் மலை இறங்கவில்லை. நேரில் போனேன். கிடங்கில் இருந்த பையன் ரசீது நகலை எடுத்து நீட்டினான்: ‘பழைய மர மேசை 1, உள்ளது உள்ளபடி.’ ஸ்லேட் என்ற சொல்லே இல்லை. என்னிடமும் அதே ரசீதுதான் இருக்கிறது, அன்று படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். செயலிக்காரர்கள் ஒரு புகார் எண் கொடுத்து, நேரில் பார்த்து வாங்கிய பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார்கள். காவல் நிலையத்தில் எழுத்தர் படங்களைப் பார்த்துவிட்டு, “கடப்பாக் கல்லுக்கா சார் மூன்று லட்சத்து நாற்பதாயிரம்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கை நடுங்குகிறது, வக்கீல் வேறு அழைத்துக்கொண்டே இருக்கிறார். அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். துணியை முழுதாக எடுக்காமல் பணம் தராதீர்கள், ஐந்து பலகைகளையும் பாருங்கள். மூலையை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆசிட் நாலு சொட்டு. ரசீதில் ஸ்லேட், ஐந்து பலகை, பன்னிரண்டுக்கு ஆறு என்று எழுதி வாங்குங்கள். ரொக்கம் வேண்டாம். பழைய மார்க்கர் ஒருவரை வாங்கும் முன்பே கூட்டிப் போங்கள், என்னைப் போல வாங்கிய பிறகு அல்ல. நுகர்வோர் உதவி எண் 1915, ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. நான் நாளை போகிறேன்.

கற்கள் மூன்றையும் தொடக்கூடாது, சாட்சிப் பொருள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நேற்று கூடத்துக்குப் போனால், ஜன்னல் வெயில் விழும் கல்லில் அம்மா வடாம் பிழிந்து காயப் போட்டிருக்கிறார்.