கென்யா "சேவைப் பயணம்" என்று பணம் கேட்டால், கட்டும் முன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் நர்சிங், பாராமெடிக்கல் படிக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். "குளோபல் ஹெல்த் சர்வீஸ் லேர்னிங்", அதாவது வெளிநாட்டில் போய் நோயாளிகளுக்குச் சேவை செய்துகொண்டே படிப்பது என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் கல்லூரிக்கு வந்து படம் போட்டுக் காட்டினால், முன்பணம் கட்டுவதற்கு முன் நான் பட்டதைக் கேளுங்கள்.

நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. அப்பா காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். போன வருடம் எங்கள் வகுப்புக்கு ஒரு ஏஜென்ட் வந்தார். கென்யாவில் மருத்துவமனையில் மூன்று வாரம், 120 மணி நேரச் சான்றிதழ், நாளைக்கு ஜெர்மனி, அயர்லாந்து வேலைக்கு அது பெரிய பலம் என்று பேசினார். கட்டணம் 1,90,000 ரூபாய். ரவுண்டானா பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் அலுவலகம். சுவரில் ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, "கவர்மென்ட் அங்கீகாரம்மா" என்றார். அது ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ். வரி கட்டுவதற்கான எண், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. அப்பா மாங்கூழ் ஆலையில் பெங்களூரா காய் போட்ட பணம் வந்ததும் அப்படியே கொண்டுபோய்க் கட்டினார்.

ரசீதை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். "டிராவல் சர்வீஸ்" என்று ஒரே வரி. பயிற்சி, மருத்துவமனை, இன்ஷூரன்ஸ் என்று ஒரு சொல்கூட இல்லை.

முதல் சந்தேகம் மஞ்சள் காய்ச்சல் ஊசியில் வந்தது. கென்யா போய்த் திரும்புகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் அந்தத் தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவர் போன் செய்து, "ஊசி எதுக்கும்மா, 2,500 குடு, சீல் வெச்ச அட்டை தர்றேன்" என்றார். நல்ல வேளையாக நானும் என் தோழியும் டியூட்டர் மேடம் சொன்னதைக் கேட்டு முந்தைய மாதமே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டிருந்தோம். மற்றவர்கள் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். போலி அட்டை தருகிற ஆளை அப்போதே விட்டு விலகியிருக்க வேண்டும். கட்டிய பணம் போய்விடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்புறம் நுழைவு அனுமதி. கென்யாவுக்கு 2024 தொடக்கத்திலிருந்து விசாவுக்குப் பதில் இணையத்திலேயே பயண அனுமதி வாங்க வேண்டும். எங்கள் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் சுற்றுலா என்று அவரே போட்டிருந்தார். கேட்டால், "அங்க யாராவது கேட்டா மிருகங்களைப் பாக்க வந்தோம்னு சொல்லிடுங்க" என்றார். சுற்றுலா அனுமதியில் போய் நோயாளியைத் தொடுவது அந்த நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். அங்கேயும் ஒரு நர்சிங் கவுன்சில் இருக்கிறது. பதிவு இல்லாமல் யாரும் ஊசி போடக் கூடாது. நம் ஊரில் அப்படி ஒரு வெளிநாட்டு மாணவி வந்து நம் பிள்ளைக்கு ஊசி போட்டால் விடுவோமா?

நைரோபியிலிருந்து இரவுப் பேருந்தில் விக்டோரியா ஏரிப் பக்கம் கிசுமு. அங்கிருந்து உள்ளே ஒரு சின்ன ஊர். படத்தில் காட்டிய மருத்துவமனை இல்லை. இரண்டு அறை, தகரக் கூரை, தனியார் கிளினிக். ஒரு கிளினிக்கல் ஆபிசர் (டாக்டருக்கு அடுத்த நிலையில் அங்கே வைத்தியம் பார்ப்பவர்) காலையில் இரண்டு மணி நேரம் வந்து போவார். மீதி நேரம் ஒரே ஒரு சிஸ்டரும் நாங்கள் பதினொரு பேரும்தான்.

இரண்டாம் நாள் மலேரியாக் காய்ச்சலில் ஒரு குழந்தை வந்தது. இரண்டு வயதுகூட இருக்காது. எங்களோடு வந்த ஒருங்கிணைப்பாளர், "நீ போடு, போட்டோ எடுக்கிறேன்" என்று, டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் குத்தும் கேனுலாவை என் கையில் கொடுத்தார். அதுவரை நான் பொம்மையின் கையிலும், மருத்துவமனைப் பயிற்சியில் பெரியவர்களுக்கு டியூட்டர் பக்கத்தில் நிற்கும்போதும்தான் போட்டிருக்கிறேன். குழந்தையின் புறங்கையில் நரம்பு தெரியவே இல்லை. மூன்று இடத்தில் குத்தினேன். மூன்று இடமும் வீங்கிவிட்டது. குழந்தைக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. அந்தத் தாய் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து "டக்தாரி" என்று சொல்லி, குழந்தையின் கையை எனக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு அவர் மொழி தெரியாது. நான்காவது தடவை சிஸ்டர் ஓடி வந்து வாங்கிப் போட்டார். அந்தக் கோட்டைத் தைத்துக் கொடுத்தது ஏஜென்ட். அந்தப் போட்டோ இன்றைக்கும் அவர் விளம்பர நோட்டீஸில் இருக்கிறது.

1,90,000 போனதைவிட எனக்கு உறுத்துவது இதுதான். அரசு மருத்துவமனையில் டியூட்டர் இல்லாமல் என்னை எதைத் தொட விட மாட்டார்களோ, அதை ஏழை நாட்டுக் குழந்தையின் உடம்பில் செய்து பார்க்கத்தான் அந்தப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011லேயே தங்கள் மாணவர்களுக்கு, வெளிநாட்டில் போய்த் தகுதிக்கு மீறி நோயாளிக்கு எதுவும் செய்யாதே என்று வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் என் விரலில் ஊசி குத்திவிட்டது. வேறொரு நோயாளிக்குப் போட்ட ஊசி. பயன்படுத்திய ஊசியைப் போட ஒரு டப்பாகூட அங்கே இல்லை, பழைய தண்ணீர் பாட்டில்தான். ஒருங்கிணைப்பாளர், "கழுவிட்டு டெட்டால் போடு, வெளிய சொல்லாத" என்றார். எச்.ஐ.வி. அதிகம் உள்ள பகுதி அது. குத்திய 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரையை ஆரம்பித்து 28 நாள் தொடர வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அந்தச் சிஸ்டர் என்னைத் தன் செலவில் மட்டாட்டு வேனில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு "போலே, போலே" என்றார். பட்ட கஷ்டத்துக்கு ஆறுதல் சொல்கிற சொல் அது. மாத்திரைக்கு அங்கே காசு வாங்கவில்லை. இன்ஷூரன்ஸ் எண் கேட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்றுவரை அந்த எண் வரவில்லை.

மருத்துவமனையில் காத்திருக்கும்போது அந்தச் சிஸ்டர் சிரித்ததைப் பார்த்தேன். பல்லில் பழுப்புக் கறை. என் பல்லிலும் அதே கறைதான், பென்னாகரம் பக்கம் பாட்டி வீட்டு போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். அவர் நகூரு பக்கத்துக்காரர். அங்கேயும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பல்லைக் கறையாக்கி மூட்டையும் முடக்குகிற உப்பு. எங்கள் ஊருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்ததைச் சொன்னேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாட்டிக்கு முழங்கால் மடங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று வாரத்தில் நான் உருப்படியாகப் படித்த பாடம் அந்த பெஞ்சில் கிடைத்ததுதான்.

ஊருக்கு வந்ததும் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் சொல்லி, மாத்திரையை முடித்து, பரிசோதனை செய்துகொண்டேன். மூன்றாம் மாதமும் நெகடிவ். அம்மாவிடம் அதற்கு அப்புறம்தான் சொன்னேன்.

யாராவது இப்படி அழைத்தால், அங்கே எந்த மருத்துவமனை, நம் பெயரில் அவர்கள் கொடுத்த அனுமதிக் கடிதம் எங்கே, பக்கத்தில் நிற்கப்போகும் டியூட்டர் யார், ஊசி குத்தினால் மாத்திரை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள், நோட்டீஸையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். நான் வைத்திருந்ததால்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட முடிந்தது. ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று 1915க்குப் போன் செய்தால் சொல்கிறார்கள். போலி அட்டை விஷயத்தைத் தனியாகப் போலீசில் கொடுத்திருக்கிறேன்.

மக்கள் நலவாழ்வைப் படிக்க உண்மையிலேயே ஆசை இருந்தால், நம் தருமபுரி மாவட்டத்திலேயே சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கி இருக்கிறது. 1993இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி ஓலைக் குடிசையில் ஆரம்பித்த மருத்துவமனை. அந்த மலைவாசிப் பெண்களுக்கே கற்றுக்கொடுத்து, அவர்களையே சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். அரூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

நேற்று என் ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். அதே ஆள் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பேசியிருக்கிறார். இந்தத் தடவை உகாண்டாவாம், 20,000 முன்பணமாம், வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். அந்தக் கல்லூரியில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இதை அனுப்பிவிடுங்கள்.