பழைய கல்யாண கேசட்டை "4கே" ஆக்கித் தர்றோம்னு சொல்ற கடையா? என் 8,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

இப்பதான் போனை வச்சேன். நான் வைக்கலை, அந்தக் கடைக்காரங்க வச்சாங்க. "சார், உங்க டேப்லெட்டை மாத்துங்க, எங்க மேல குத்தம் சொல்லாதீங்க"ன்னு ஒரு கத்து, அப்புறம் கட். வாட்ஸ்அப்பிலும் பிளாக். அந்தச் சூட்டோடதான் எழுதறேன், எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காதீங்க. இந்த மாதிரி வேலை கொடுக்குறப்ப என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

கடை பேரைப் போட்டா நாளைக்கே வக்கீல் நோட்டீஸ்னு கிளம்புவாங்க. அதனால இவ்வளவு மட்டும்: பழைய வீடியோ கேசட்டை பென்டிரைவ், மெமரி கார்டுல ஏத்தித் தர்ற ஒரு ஸ்டூடியோ.

எங்க அக்கா கல்யாணம் 1994-ல. கல்யாணம் ரெண்டு கேசட், வளைகாப்பு ஒண்ணு. அப்பா நடமாடுற மாதிரி எங்ககிட்ட இருக்குறது அந்த மூணு விஎச்எஸ் கேசட் மட்டும்தான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி படுக்கையிலேயே இருக்காங்க. கையில வச்சுப் பாக்குற மாதிரி 8 இஞ்ச் டேப்லெட்டுல ஏத்திக் குடுத்தா பொழுது போகுமேன்னு நினைச்சோம். டேப்லெட்டைக் கையோட கடைக்குக் கொண்டு போய்க் காட்டினேன். "இதுல ஓடணும்"னு சொன்னேன், கடைக்காரரும் சீட்டுல மாடல் பேரோட எழுதிக்கிட்டார். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

அந்த ஆள் பேசின பேச்சு இருக்கே! கேசட்டைத் தடவிப் பாத்து, "அண்ணே, இது உங்க வீட்டு விசேஷம் இல்ல, என் வீட்டு விசேஷம்னு நினைச்சுப் பண்றேன்"னார். மறுநாள் வரச் சொல்லி ஒரு நிமிஷத் துண்டு மட்டும் பெரிய டிவியில போட்டுக் காட்டினார். பந்தல் வாசல்ல அப்பா நின்னு, வர்றவங்களைக் கும்பிட்டு வரவேற்கிறார். தோள்ல துண்டு, வாயில வெத்தலை. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அந்த நேரம் பாத்துதான் "சாதாரணமா வேணுமா, 4கே ரீமாஸ்டரா வேணுமா"ன்னு கேட்டார். அப்பா முகத்தைத் திரையில நிறுத்தி வச்சுக்கிட்டு விலை பேசுறவன்கிட்ட யார் பேரம் பேசுவா? 7,500 கன்வெர்ஷனுக்கு, "வெளிக் கார்டு போட்டா திக்கும், எங்க கார்டே வாங்கிக்கங்க"ன்னு அதுக்கு 900. ஆக 8,400 ரூபாய், மொத்தமும் முன்பணம். பில் கேட்டதுக்குத் துண்டுச் சீட்டு.

கார்டை அம்மா டேப்லெட்டுல போட்டா, கெட்டி மேளம் முழங்குது, படத்துல மாப்பிள்ளை இன்னும் மணையில உக்காரவே இல்லை. சத்தம் ஓடிப் போகுது, படம் திக்கித் திக்கி வருது. கேமரா திரும்புற இடத்துலெல்லாம் உருவத்தோட ஓரம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடாப் பிரியுது. போதாததுக்கு சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து விட்டிருக்காங்க. அக்கா பாத்துட்டு "நான் எப்படா இவ்ளோ குண்டா இருந்தேன்"னு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டா.

இனி சாக்குகளைக் கேளுங்க. முதல்ல "பிளேயர் ஆப்பை மாத்துங்க". மாத்தினேன், அதே கதை. அடுத்து "கார்டு ஸ்லோவா இருக்கும்". கார்டே உங்களோடதுய்யா! ஃபைலோட பிட்ரேட் (வினாடிக்குப் படிக்க வேண்டிய டேட்டா) 20 மெகாபிட், அதாவது வினாடிக்கு 2.5 மெகாபைட். "கிளாஸ் 10"ங்கிற வேகத் தரத்துக் கார்டு வினாடிக்குக் குறைஞ்சது 10 மெகாபைட் தாங்கும். டேப்லெட்டோட உள் நினைவகத்துக்கே காப்பி பண்ணிப் பாத்தேன், அப்பவும் திக்குச்சு. அப்புறம் "எடிட்டர் லீவு". அப்புறம் "கேசட்டுல ஃபங்கஸ்". ஃபங்கஸ் இருக்குறது காசு வாங்குறப்ப தெரியலையாக்கும்?

கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற மச்சான் ஃபைலோட விவரத்தைக் காட்டுற மீடியாஇன்ஃபோங்கிற மென்பொருள்ல அதைத் திறந்து காட்டினப்பதான் வெளிச்சமாச்சு. விஎச்எஸ் கேசட்டை முறையா டிஜிட்டலாக்கினா 720×576, அதாவது சுமார் 4 லட்சம் பிக்சல். அதுலயும் கேசட்டுல உண்மையில இருக்குற நுணுக்கம் இன்னும் கம்மி. இவங்க அதை 3840×2160-க்கு, அதான் அவங்க சொன்ன 4கே-க்கு, ஊதிப் பெருக்கி 83 லட்சம் ஆக்கியிருக்காங்க. அம்மா டேப்லெட்டோட திரையே 1280×800, பத்து லட்சம் சொச்சம்தான். காட்டவே முடியாத பிக்சலைப் பிரிச்சு எடுக்க அந்தச் சின்ன பிராசஸர் மூச்சு வாங்குது. இதுக்குப் பேரு ரீமாஸ்டராம்.

ஹேண்ட்பிரேக்னு இலவச மென்பொருள் இருக்கு. அதுல சின்னதாக்கி, எச்.264-ங்கிற வீடியோ வடிவத்துல மாத்தினோம். சத்தமும் படமும் சேந்து வந்துச்சு. ஆனா சின்னச் சின்ன வெட்டு மட்டும் போகலை. மச்சான் லேப்டாப்புலயும் அதே வெட்டு. ஒவ்வொரு ஃபிரேமா (வீடியோவோட தனித்தனிப் படமா) நகத்திப் பாத்தா ஆறுல ஒண்ணு முந்தினதோட நகல். நம்ம ஊர் கேசட் "பால்" (PAL)ங்கிற வீடியோ முறை, வினாடிக்கு 25 ஃபிரேம். இவங்க அமெரிக்க முறையான 29.97-ல வச்சு ஏத்தியிருக்காங்க. குறையுற அஞ்சை ஈடுகட்ட நகல் போட்டுக்குது. நடக்குறவங்க எல்லாம் வெட்டி வெட்டி நடக்குறாங்க. நகலையாவது தேடிக் களைஞ்சிடலாம். ஆனா கேசட்டுல ஒவ்வொரு ஃபிரேமும் ஒண்ணு விட்டு ஒரு கோடா ரெண்டு பாதியாப் பதிவாகியிருக்கும், அதுக்குப் பேரு இன்டர்லேஸ். அதைப் பிரிக்காம அப்படியே பெரிசாக்கினதால அந்தச் சீப்புப் பல்லு படத்தோடயே ஒட்டிப் போச்சு. அதைச் சரி பண்ண கேசட்டுல இருந்து திரும்ப ஏத்துறதைத் தவிர வழியில்லை.

இதை எல்லாம் எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. பதில்: "உங்களுக்கு டெக்னிக்கல் புரியலை அண்ணே. 1,500 குடுத்தா மொபைல் வெர்ஷன் போட்டுத் தர்றோம்." 8,400 ரூபாய் வாங்கினதே டேப்லெட்டுல ஓடுறதுக்குத்தானே? "நீங்களே சீட்டுல எழுதியிருக்கீங்களே"ன்னு சொன்னதும்தான் இன்னைக்கு அந்தக் கத்து.

விவரமா எழுதணும்னு ஆரம்பிச்சேன், பொறுமை இல்லை. இதை மட்டும் பிடிச்சுக்கங்க. டெமோவை அவங்க டிவியில பாக்காதீங்க, உங்க கருவியில பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டுக் காசு குடுங்க. ஒரு கருவியில மட்டும் திக்கினா கருவிக்கு மீறின ஃபைல், எல்லாத்துலயும் ஒரே இடத்துல வெட்டினா கன்வெர்ஷன்லயே கோளாறு. 25 ஃபிரேம்தானான்னு கேளுங்க. கேசட்டுல இருந்து எடுத்த மூல ஃபைலையும் சேத்து வாங்குங்க. பில் வாங்குங்க. 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் குடுத்துட்டேன். அங்க சரியாகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

கேசட்டை ஓட்டுற விசிஆர் மெஷின் தயாரிப்பே 2016-ல நின்னு போச்சு. மதுரை, திண்டுக்கல் பக்கம் யார் வீட்டுலயாவது ஓடுற விசிஆர் இருந்தா சொல்லுங்க, வாடகை தந்துடறேன். கேசட் மூணும் பத்திரமா இருக்கு, நானும் மச்சானுமே உக்காந்து ஏத்திக்கிறோம்.