ஒகேனக்கல் போகிறீர்களா? பரிசல் புரோக்கர்களிடம் உஷார்

குடும்பத்தோடு ஒகேனக்கல் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை இறங்கி வண்டியை நிறுத்தினோம், கதவைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் ஒரு ஆள் ஓடி வந்து, "அண்ணே, கவுண்டர்ல பயங்கரக் கூட்டம், நேரா துறைக்கே கூட்டிட்டுப் போறேன், ஐந்தருவி, மணல்திட்டு எல்லாம் சுத்திக் காட்டிடலாம்" என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் அம்மாவைக் கைபிடித்து இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் பேரம் பேசி முடித்துப் பணத்தையும் கொடுத்துவிட்டார். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கவுண்டரில் வாங்குவதோ பரிசலுக்குத்தான், தலைக்கு இல்லை.

ரசீது கேட்டால், "நான்தானேண்ணே ரசீது" என்று சிரிப்பு. லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள், சரி, ஆனால் என் மகளுக்கு மாட்டியது பெரியவர்கள் போடுவது, முழங்கால் வரை தொங்கியது, ஒரு பக்கம் கிளிப்பே இல்லை, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் பாறை ஓரமாகப் பரிசலை நிறுத்தி, "இவ்வளவுதான் பேச்சு, அருவிகிட்ட போகணும்னா தனிக்காசு" என்றார் துடுப்புப் போட்டவர். சுற்றிலும் காவிரி, பரிசலில் பிள்ளைகள், அங்கே என்ன பேரம் பேசுவது? கொடுத்தோம். அப்புறம் பரிசலிலேயே சிப்ஸும் கூல்டிரிங்ஸும் விற்பவரிடம் ஒட்டி நிறுத்தி, நாங்கள் ஏதாவது வாங்கும் வரை நகரவில்லை.

கரையேறி விசாரித்தால் முதல் கேள்வியே, "ரசீது இருக்கா?"

பரிசல்காரர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கர்நாடகத்தில் கபினி, கேஆர்எஸ் அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடும், தடை எடுக்கும் வரை அவர்களுக்கு வருமானமே கிடையாது. ஆனால் அந்த மாதிரி நாளிலும், "தடையெல்லாம் அருவிப் பக்கம்தாண்ணே" என்று ஆள் பிடிப்பார்களாம், மீன் வறுக்கும் அக்கா ஒருவர் சொன்னார். (மீனில் ஒரு குறையும் இல்லை, கண்ணெதிரே கழுவி மசாலா தடவி வறுத்துக் கொடுத்தார்.) அதனால் முந்தின நாள் இரவே செய்தியில் நீர்வரத்தைப் பார்த்துவிடுங்கள். கவுண்டர் போர்டில் இருக்கும் கட்டணத்தை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடம் வரை போவார்கள் என்று கரையிலேயே கேட்டு, ரசீது கைக்கு வந்த பிறகு ஏறுங்கள்.

அந்த ஆள் கொடுத்த நம்பருக்கு மச்சான் இன்னும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார், ஸ்விட்ச் ஆஃப்.