படகுப் பட்டறையில் ஒரு மோட்டார் ஹோம்: கல்லடிப் பக்கத்துப் பைபர் வேலை பற்றி

தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியான மோட்டார் ஹோமின் வெளிச்சுவர் வெடித்தாலோ வீங்கினாலோ அதைக் கார், வான் திருத்தும் கராஜுக்குக் கொண்டுபோவதைவிட, மட்டக்களப்பு வாவியோரத்தில் பைபர் (கண்ணாடி நார்) படகு கட்டுவோரிடம் கொண்டுபோவதே நல்லது. கல்லடிப் பக்கத்தில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு பட்டறையில் எமது வண்டியை ஒப்படைத்து, திருத்தத்துக்குப் பின் ஒரு வாடை மழைக்காலத்தையும் கடந்த பிறகே இதை எழுதுகிறேன்.

எமது வண்டி சிறிய லொறிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. சுவருக்கு உள்ளே பிளைவூட், நடுவில் ரிஜிபோம் எனும் வெள்ளை நுரைப் பலகை, வெளியே மெல்லிய பைபர் தோல். கூரையும் பின்சுவரும் சந்திக்கும் மூட்டில் நீர் இறங்கியதால் பின்சுவர் வெளியே தள்ளி வெடித்திருந்தது. முன்னர் ஒரு கராஜில் அந்த வெடிப்பைப் பட்டியால் நிரப்பி, மூட்டுக்குச் சிலிக்கன் அடித்து, பெயின்ற் பூசிக் கொடுத்தார்கள். பார்வைக்கு அழகாகவே இருந்தது. அடுத்த மழையிலேயே அதே இடம் மீண்டும் பிளந்தது. பட்டி மேற்பரப்பைச் சமப்படுத்துமே தவிர, ஓடும் வண்டியின் அசைவைத் தாங்கும் வலிமையைச் சுவருக்குத் தராது. சிலிக்கன் அதைவிடத் தொல்லை; அதன் எச்சம் கிடக்கும் இடத்தில் பின்னர் பைபரை இறுக்கிப் பிடிக்கும் பசையான றெசினும் ஒட்டாது, பெயின்றும் ஒட்டாது.

பட்டறை ஓடாவியார் (படகு கட்டும் கைவினைஞர்) உடனே பைபர் போடத் தொடங்கவில்லை. சுவர் முழுவதையும் உளிப் பிடியால் தட்டிப் பார்த்து, மந்தமான ஓசை கேட்ட இடங்களையெல்லாம் சோக்கால் வளைத்துக் குறித்தார். நாம் கண்ட வெடிப்பு கையளவு. அவர் குறித்த பரப்போ பின்சுவரில் ஏறத்தாழ பாதி. அத்தனையையும் வெட்டித் திறந்து, உக்கிய பிளைவூட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, எஞ்சிய மரம் உலரும்வரை வண்டியைக் கொட்டிலின் கீழ் அப்படியே நிறுத்தி வைத்தார். வேலையைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாமா என்று கேட்டபோது, “ஈரத்த உள்ள வைச்சு மூடினா அது உள்ளுக்க இருந்தே தின்னும் மனே” என்றார். ஈர மரத்தில் பொலியெஸ்டர் றெசின் பற்றாது. அடைபட்ட நீர் வெயிலில் ஆவியாகி, புதிதாகப் போட்ட தோலையும் மேலே தூக்கும். இந்தப் பொறுமைக்காகவே இந்தப் பட்டறையை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

ரிஜிபோம் விடயத்திலும் அவருடைய அறிவு வெளிப்பட்டது. பொலியெஸ்டர் றெசினில் உள்ள ஸ்டைரின் ரிஜிபோமைக் கரைத்துவிடும். அதன் மேல் நேரடியாக றெசின் பூசினால் உள்ளே வெற்றிடமே மிஞ்சும். அதனால் திறந்த பகுதியிலிருந்த ரிஜிபோமை முழுதாக அகற்றிவிட்டு, படகுகளில் மிதப்புக்காக அடைக்கும் பொலியூரித்தேன் நுரைப் பலகையை வைத்தார். யாரிடம் வேலை கொடுப்பதானாலும் ரிஜிபோமை என்ன செய்வீர்கள் என்ற இந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

வெட்டித் திறந்த இடத்தின் விளிம்புகளைச் செங்குத்தாக விடாமல், தோலின் தடிப்பைப்போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக அரைத்தார்கள். மூன்று மில்லிமீற்றர் தோலுக்கு இது மூன்றரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். புதிய அடுக்கு பழையதைப் பற்றிக்கொள்ள இந்தச் சரிவே இடம் தருகிறது. பின்னர் சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடி நார் விரிப்பான மெற்றை மூன்று அடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை உருளையால் அழுத்தினார்கள். கச்சான் காற்று வீசும் வெப்ப நாட்களில் றெசின் வாளியிலேயே இறுகிவிடக்கூடும் என்பதால், றெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னரைக் குறைத்து, வெயில் ஏறுமுன் காலையிலேயே வேலையை முடித்தார்கள். இரும்புச் சட்டத்தைத் தொடும் விளிம்புகளுக்கு மட்டும் எப்பொக்சி என்ற வேறு வகை றெசின். உலோகத்தில் பொலியெஸ்டரின் பிடிப்பு நம்பத்தக்கதல்ல.

கூரை முழுவதற்கும் இரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்பது எமது விருப்பமாக இருந்தது. அவர் அதை மறுத்தார். றெசினோடு சேர்த்து ஓர் அடுக்கு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறை வரும். அந்த நிறை வண்டியின் உச்சியில் ஏறினால் வளைவுகளில் வண்டி சாயும். அதற்குப் பதிலாக, படகின் உட்புறத்தில் வைப்பதுபோல் கூரையின் உட்பக்கத்தில் குறுக்கு விலாக்கள் வைத்தார். இப்போது கூரையில் ஏறி நின்றாலும் அது வளைவதில்லை. கூலி குறையும் என்று தெரிந்தும் தேவையற்ற வேலையைத் தவிர்த்த அந்த நேர்மைக்கு நான் பெரிதும் மதிப்பளிக்கிறேன்.

குறைகளும் உண்டு. படகின் வெளிப்பளபளப்பு அதை வார்க்கும் அச்சிலிருந்து வருவது. சுவரில் அச்சு இல்லாமல் வெளியிலிருந்து ஜெல்கோட் எனும் மேற்பூச்சைப் பூசும்போது அந்தச் சமதளம் கிடைப்பதில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது பின்சுவரில் மெல்லிய அலைகள் தெரிகின்றன. புதிய வெள்ளை பழைய வெள்ளையோடு ஒத்துப்போகவும் இல்லை. மீனவர் ஒருவரின் படகு திருத்தத்துக்கு வந்தால் அதற்கே முதலிடம் என்பதால் வேலை இழுபடும். அது அவர்களின் பிழைப்பு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கண்ணாடி நார்த் தூசு பறக்கும்போது இளம் தொழிலாளர்கள் முகக்கவசம் இல்லாமல் அரைத்துக்கொண்டிருந்தது மனத்தை உறுத்தியது. பட்டறை இதை உடனே திருத்த வேண்டும். வேலை கொடுப்பவர்களும் இதை வற்புறுத்த வேண்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த வேலைக்கு வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஈரத்தில் மரம் உலராது. மெற்றுக்கும் றெசினுக்கும் கூலிக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதித் தரும்படி கேட்டால் தருகிறார்கள். யன்னல்களை மீண்டும் பொருத்தும்போது பொலியூரித்தேன் சீலன்ற் போடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார் போன்ற மினுக்கம் வேண்டுமென்றால், பைபர் நன்றாக இறுகியபின் பெயின்ற் வேலையை மட்டும் ஒரு கராஜில் தனியாகச் செய்வித்துக்கொள்ளலாம்.